பட்டாவில் தாத்தா பெயர் இருக்கும்வரை

1977இல் பீகாரின் நாலந்தா மாவட்டத்தில், பள்ளித் தேர்வுக்குப் போன ஜமீன்தார் வீட்டு ஒரே மகன் திரும்பி வரவில்லை. நான்கு ஆண்டு கழித்து அந்தப் பக்கம் வந்த இளம் சாமியார் ஒருவர், தானே அந்தப் பிள்ளை என்றார். வயதான தகப்பன் நம்பி வீட்டுக்கு அழைத்துப்போனார். பெற்றவள் மட்டும் ஏற்கவில்லை. தன் மகன் தலையில் இருந்த தழும்பு இவனுக்கு இல்லை என்று போலீசில் புகார் கொடுத்தாள். மரபணுச் சோதனைக்கு அந்த ஆள் உடன்படவே இல்லை. தான் வேறொருவர் என்ற குற்றச்சாட்டை மறுக்க, அந்த வேறொருவர் செத்துப்போனதாக அவர் காட்டிய இறப்புச் சான்றிதழும் போலி என்று தெரிந்தது. 2022 ஏப்ரலில் ஏழாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, தகப்பன் தாய் இருவருமே உயிரோடு இல்லை.

இன்றைய மோசடிக்காரனுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஒரு தாயின் கண்ணை ஏமாற்ற வேண்டாம், தாளை ஏமாற்றினால் போதும். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நிலக்கோட்டை, வேடசந்தூர் பகுதிகளில் வேலைக்காகத் திருப்பூர், சென்னை என்று போய்விட்ட குடும்பங்களின் காடுகரை பல, இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே கிடக்கின்றன. நால்வழிச்சாலை ஓரமாக இருந்தால் அதன் விலை ஏறிக்கொண்டே போகும். பெயர் இருக்கிறது, ஆள் இல்லை: மோசடிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையில் பொய் சொல்லி வாங்கிய வாரிசுச் சான்றிதழ் ஒன்று, பழக்கப்பட்ட இரண்டு சாட்சிகள், பணத்தோடு ஒரு கிரயதாரர்; வேலை முடிந்தது. சார்பதிவாளர் புகைப்படமும் கைரேகையும் எடுப்பார். எதிரில் நிற்பவர் யார் என்று பார்ப்பதே அவர் பொறுப்பு. நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. இல்லாத பேரனைச் சேர்ப்பதற்கும் இருக்கிற மகளை விட்டுவிடுவதற்கும் ஒரே சான்றிதழ்தான் வழி. இரண்டாவதைச் செய்பவர்கள் பெரும்பாலும் சொந்த அண்ணன் தம்பிகளே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே, வீட்டில் ஒருவர் இறந்ததும் பட்டாவை மாற்றுவதே முதல் காவல் என்கிறேன். பாகம் பிரிக்கப் போனால் சண்டை வரும், அதனால்தான் தள்ளிப்போடுகிறோம் என்பார்கள். பாகம் பிரிக்கவே வேண்டாம். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொடுத்து, மகள்களையும் சேர்த்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். மோசடியைத் தடுக்க வேண்டியது அரசுதானே என்ற கேள்வி நியாயமானது. போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யத் தமிழக அரசு 2022இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அந்த அதிகாரம் செல்லாது என்று 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை யாருக்கு என்பதை அலுவலர் தீர்மானிப்பதில் ஆபத்து உண்டு என்பதை மறுக்க முடியாது. வங்காளத்தின் பவால் ஜமீனில், இறந்ததாக நம்பப்பட்ட குமாரர் 1921இல் சன்னியாசியாகத் திரும்பினார். அவருடைய மனைவியே அவரைப் போலி என்றார். ஆனால் 1936இல் டாக்கா, 1940இல் கல்கத்தா, 1946இல் லண்டன் பிரிவி கவுன்சில் என மூன்று இடத்திலும் அவரே குமாரர் என்று தீர்ப்பானது. சந்தேகத்தை மட்டும் வைத்து விரட்டியிருந்தால் உண்மையான வாரிசு தெருவில் நின்றிருப்பார்.

நீதிமன்றம் போகக் காலமும் பணமும் வேண்டும். அதனால்தான் பதிவுகளைக் கவனிப்பது முக்கியமாகிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் பார்க்க, திருப்பூரிலிருந்து ஊருக்கு வர வேண்டியதில்லை. அதில் தெரியாத பெயர் ஒன்று இருந்தால், அந்த ஆவணத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாவட்டக் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பத்திரத்தை ரத்து செய்யச் சிவில் வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுதான் கெடு.