நெப்போலியன்: டோட்டல் வார்

நெப்போலியன்: டோட்டல் வார் என்பது பிரெஞ்சுப் படைத்தளபதியும் பின்னர் பேரரசருமான நெப்போலியன் பொனபார்ட்டின் படையெடுப்புகளை அடிப்படையாகக் கொண்ட வியூக வகை நிகழ்பட ஆட்டம் ஆகும். இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கிய இவ்வாட்டத்தை, செகா நிறுவனம் 2010 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் விண்டோஸ் கணினிகளுக்காக வெளியிட்டது. மாக் கணினிகளுக்கான பதிப்பு 2013 இல் வெளிவந்தது. 2000 ஆம் ஆண்டு ஷோகன்: டோட்டல் வார் மூலம் தொடங்கிய ஆட்டத்தொடரைச் சேர்ந்த இது, 2009 இல் வெளியான எம்பயர்: டோட்டல் வார் ஆட்டத்தை அடுத்து வந்ததாகும்.

விளையாடும் முறை

இவ்வாட்டம் இரு தளங்களில் நடைபெறுகிறது. முதலாவது, நிலப்படத் தளம். இதில் ஆட்டக்காரர் சதுரங்கத்தைப் போலச் சுற்றுமுறையில் படைகளை நகர்த்துகிறார்; வரி விதிக்கிறார்; கட்டடங்கள் எழுப்புகிறார்; பிற நாடுகளுடன் உடன்படிக்கை செய்கிறார். இரண்டாவது, போர்க்களத் தளம். இரு படைகள் எதிர்ப்படும்போது ஆட்டம் நிகழ்நேரத்துக்கு மாறுகிறது. ஆட்டக்காரர் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை ஆகியவற்றுக்கு நேரடியாக ஆணையிடலாம். கடற்போர்களும் இவ்வாறே நடைபெறுகின்றன.

எம்பயர் ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது அரை ஆண்டாகும். இதில் ஒரு சுற்று இரண்டு வாரங்கள் மட்டுமே. நூறாண்டு காலப் பேரரசு வளர்ச்சியைக் காட்டிய முன்னைய ஆட்டத்திலிருந்து ஒரு தளபதியின் படையெடுப்புக்குக் கவனம் மாறியதே இதற்குக் காரணம். ஆற்றைக் கடப்பதற்கும் பனிக்காலத்துக்கு முன் ஒரு நகரை அடைவதற்கும் வாரங்களே முக்கியமானவை.

படையெடுப்புகள்

ஆட்டத்தின் பயிற்சிப் பகுதி நெப்போலியனின் தொடக்க காலத்தைப் பற்றியது. அதன் பின் மூன்று முதன்மைப் படையெடுப்புகள் உள்ளன.

* இத்தாலி: 1796 இல் ஆஸ்திரியாவுக்கு எதிராகத் தொடங்கிய படையெடுப்பு. இளம் தளபதியான நெப்போலியன் புகழ்பெற்றது இதில்தான்.
* எகிப்து: 1798 இல் மம்லூக்குகள், உதுமானியர், பிரித்தானியர் ஆகியோருக்கு எதிரானது.
* ஐரோப்பா: 1805 இல் தொடங்கி 1812 வரை நீளும் பெரிய படையெடுப்பு.

இவற்றைத் தவிர பிரித்தானியா, ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து பிரான்சை எதிர்த்தும் விளையாடலாம். ஆஸ்டர்லிட்ஸ், போரோடினோ, டிரபால்கர், வாட்டர்லூ உள்ளிட்ட வரலாற்றுப் போர்களைத் தனித்தனியே ஆடும் வசதியும் உண்டு. 2010 ஜூன் மாதம் வெளியான ஐபீரியத் தீபகற்பப் போர் பற்றிய விரிவாக்கத்தில் கரந்தடிப் படையினர் சேர்க்கப்பட்டனர். 'சிறு போர்' எனப் பொருள்படும் எசுப்பானியச் சொல்லான 'கெரில்லா' பிற மொழிகளில் பரவியது இப்போரின் வழியாகவே.

போர் உத்திகள்

அக்காலக் காலாட்படையின் மஸ்கட் துப்பாக்கி குறி தவறுவது; குண்டிட நேரம் எடுப்பது. எனவே வீரர்கள் நீண்ட வரிசைகளில் நின்று ஒரே நேரத்தில் சுட்டனர். அத்தகைய வரிசையின் பக்கவாட்டில் குதிரைப்படை பாய்ந்தால் அது சிதறிவிடும். இதைத் தடுக்க வீரர்கள் நான்கு புறமும் துப்பாக்கி முனை ஈட்டிகளை நீட்டிச் சதுர அணியாக நிற்பர். ஆனால் நெருங்கி நிற்கும் சதுரம் பீரங்கிக்கு எளிய இலக்காகும். ஒவ்வோர் அணியும் ஒன்றை வென்று மற்றொன்றிடம் தோற்கும் இவ்வுறவே ஆட்டத்தின் போர்க்கள விதிகளுக்கு அடிப்படையாகும்.

இது வரலாற்றோடு பொருந்துவது. 1798 ஜூலை 21 அன்று நடந்த பிரமிடுகள் போரில் பிரெஞ்சுப் படை சதுர அணிகளால் மம்லூக் குதிரைப்படையைத் தடுத்தது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் அதே அணிமுறையால் வெலிங்டனின் படையினர் பிரெஞ்சுக் குதிரைப்படையைத் தடுத்தனர்.

படைத் தேய்வும் வழங்கலும்

இவ்வாட்டத்தில் போர் நிகழாமலேயே படை குறையக்கூடும். பனி நிலத்திலோ பாலைநிலத்திலோ தங்கும் படை ஒவ்வொரு சுற்றிலும் வீரர்களை இழக்கிறது. தன் நாட்டு எல்லைக்குள் இருக்கும் படைக்கு இழப்புகள் தாமாகவே நிரப்பப்படுகின்றன. வழங்கல் நிலையங்களை அமைத்தால் இது விரைவாகும். எனவே தொலைநாட்டில் பெறும் வெற்றியும் படையை மெலியச் செய்கிறது.

வரலாற்றுடன் ஒப்பீடு

1812 ஆம் ஆண்டு ரஷ்யப் படையெடுப்பை ஆட்டத்துடன் ஒப்பிட்டால் விதிகளின் எல்லை தெளிவாகும். பின்வந்த துணைப்படைகளையும் சேர்த்துச் சுமார் 6 இலட்சம் பேர் அதில் ஈடுபட்டனர். பனியே அப்படையை அழித்தது என்பது பரவலான எண்ணம். ஆட்டமும் பெரிதும் அவ்வாறே காட்டுகிறது. உண்மையில் கோடை மாதங்களிலேயே பசி, வெப்பம், டைபசு காய்ச்சல், குதிரைத் தீவனப் பற்றாக்குறை ஆகியவற்றால் படை பெருமளவு குறைந்துவிட்டது. செப்டம்பர் 14 அன்று மாஸ்கோவை அடைந்தபோது நெப்போலியனுடன் இருந்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சம் பேர் மட்டுமே. அக்டோபர் 19 அன்று பின்வாங்கத் தொடங்கிய பின்னரே கடுங்குளிர் எஞ்சியோரைத் தாக்கியது.

எகிப்துப் படையெடுப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. இந்தியாவுடனான பிரித்தானியத் தொடர்பைத் துண்டிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1799 ஜனவரியில் நெப்போலியன் மைசூரின் திப்பு சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு மே 4 அன்று சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, 1798 ஆகஸ்டில் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்திருந்தார். நெப்போலியன் 1799 இல் படையை விட்டுவிட்டு நாடு திரும்பினார். எஞ்சிய படை 1801 இல் சரணடைந்தது. ஆட்டத்திலோ இப்படையெடுப்பை வெற்றியாக முடிக்கலாம். நெப்போலியன் களத்தில் வீழ்ந்தாலும் காயமுற்றவராகவே கொள்ளப்பட்டு மீண்டும் தோன்றுவார்.

ஆட்டத்தில் இடம்பெறாதவையும் உள்ளன. 1799 இல் யாப்பாவில் சரணடைந்த ஆயிரக்கணக்கானோர் நெப்போலியனின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். 1802 இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை மீண்டும் அனுமதிக்கும் சட்டம் அவரது ஆட்சியில் இயற்றப்பட்டது. அணிவகுப்பு, வழங்கல், நிலவியல் ஆகியவை போரின் முடிவை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை விளக்க இவ்வாட்டம் உதவும். அப்போர்களுக்கு மக்கள் கொடுத்த விலையை அறிய வரலாற்று நூல்களையே நாட வேண்டும்.