கபில்தேவ் விட்டுக்கொடுத்த இரண்டு ஓட்டங்கள்

வென்றால் தலைவனுக்கு மாலை. தோற்றால் அதே தலைவனுக்கு வசை. விளையாட்டு உலகின் வழக்கம் இது. இரண்டையும் நிறையவே சுமந்தவர் இந்தியக் கிரிக்கெட் வீரர் கபில்தேவ்.

1959 ஜனவரி 6-ஆம் நாள் சண்டிகாரில் பிறந்தவர் அவர். சுழற்பந்து வீச்சுக்கே பேர்போன இந்தியக் குழுவில், 1978-இல் வேகப்பந்து வீச்சாளராக நுழைந்தார். பந்து வீச்சோடு மட்டையடியிலும் வல்லவர் என்பதை விரைவிலேயே நிலைநாட்டினார்.

1983-இல் உலகக் கிண்ணப் போட்டிக்கு இந்தியக் குழுவை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றபோது அவருக்கு வயது 24. அதற்கு முந்தைய இரண்டு உலகக் கிண்ணப் போட்டிகளிலும் சேர்த்து இந்தியா வென்றது ஒரே ஓர் ஆட்டம். ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ஓட்டங்களுக்குள் ஐந்து பேர் ஆட்டமிழந்து திரும்பினார்கள். எல்லாம் முடிந்தது என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். தலைவர் அசையவில்லை. முதலில் நிதானம், பிறகு அதிரடி. கடைசிவரை ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள்! அந்த ஆட்டத்தை வென்ற இந்தியா, ஜூன் 25-ஆம் நாள் இறுதியாட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளையும் வீழ்த்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

இது எல்லாரும் அறிந்த கதை. வாசகர்களே, அவ்வளவாகப் பேசப்படாத இன்னோர் ஆட்டமும் உண்டு.

1987 அக்டோபர் 9. சென்னை சேப்பாக்கம் திடல். அடுத்த உலகக் கிண்ணப் போட்டியின் தொடக்க நாள்களில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ் ஓங்கி அடித்த பந்து எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. அது நேராகப் போய் விழுந்ததா, உள்ளே தரைதொட்டு ஓடியதா? நடுவர் நான்கு ஓட்டங்கள் என்றார். ஆஸ்திரேலியா 268 எடுத்து முடித்தது.

இடைவேளையில் ஆஸ்திரேலியக் குழுவினர் அது ஆறுதான் என்று முறையிட்டார்கள். விஷயம் கபில்தேவிடம் வந்தது. "நடுவர் சொன்னது சொன்னதுதான்" என்று அவர் மறுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ இரண்டு ஓட்டங்களைக் கூட்டிக்கொள்ளச் சம்மதித்தார். எண்ணிக்கை 270 ஆனது.

இந்தியா எடுத்தது 269. ஒரே ஓர் ஓட்டத்தில் தோல்வி! அந்த இரண்டைக் கொடுக்காதிருந்தால் வெற்றி இந்தியாவுக்கே.

அதே போட்டியின் அரையிறுதியில் பம்பாயில் இங்கிலாந்திடம் தோற்றதும் தலைமைப் பொறுப்பு அவர் கையைவிட்டுப் போனது. மனம் சோர்ந்து அவர் ஒதுங்கிவிடவில்லை. சாதாரண வீரராக மற்றவர்களின் தலைமையின் கீழ் மேலும் ஆறாண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1994-இல் தமது 432-ஆவது விக்கெட்டை வீழ்த்தி, நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லியின் உலகச் சாதனையை முறியடித்தார். அந்த ஆண்டு ஓய்வு பெற்றபோது 131 டெஸ்ட் ஆட்டங்களில் 5,248 ஓட்டங்களும் 434 விக்கெட்டுகளும் அவர் கணக்கில் இருந்தன.

விக்கெட் எண்ணிக்கையில் பின்வந்தவர்கள் பலர் அவரை மிஞ்சிவிட்டார்கள். சாதனை என்றால் அப்படித்தான். ஒருநாள் இன்னொருவர் கைக்குப் போகும். சேப்பாக்கத்தில் கொடுத்த அந்த இரண்டு ஓட்டங்கள் மட்டும் எந்தச் சாதனைப் பட்டியலிலும் கபில்தேவின் பெயரில் ஏறவில்லை. எதிர்க்குழுவின் கணக்கில்தான் ஏறின. பிள்ளைகளுக்குக் கபில்தேவைப் பற்றிச் சொல்லும்போது, 175-ஐச் சொல்லும் கையோடு அந்த இரண்டையும் சொல்லி வையுங்கள்.