தானியங்கிக் கண்காணிப்பு: காப்பாற்றட்டும், சாட்சியை அழிக்க வேண்டாம்

வங்கிச் செயலி, மருத்துவமனை முன்பதிவு, உணவு ஆர்டர் என நாம் அன்றாடம் பயன்படுத்தும் சேவைகளில் பல இன்று கன்டெய்னர்களில், அதாவது தேவையானவற்றுடன் தனித்தனியாகப் பொதியப்பட்ட நிரல்களாக, இயங்குகின்றன. பல கணினிகளை ஒன்றிணைத்த கிளஸ்டரில் அவற்றை ஓட்டி நிர்வகிக்கப் பரவலாகப் பயன்படுவது, 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டீஸ்.

கன்டெய்னர் அடிக்கடி நின்றுபோனாலோ, சேமிப்பகம் இணையாவிட்டாலோ குபர்நெட்டீஸ் அதை 'ஈவென்ட்' ஆகப் பதிகிறது. இவற்றை ஒரு தானியங்கி நிரல் கவனித்து, ஊழியர் விழித்தெழும் முன்பே நடவடிக்கை எடுக்கும்படி அமைக்கலாம். மிகப் பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அதை அமைக்கும் விதத்தில்தான் நம் தரவின் பாதுகாப்பும், நடந்ததை அறியும் நம் உரிமையும் இருக்கின்றன.

ஆபத்துகள்

யாரும் மாற்றி அமைக்காவிட்டால், குபர்நெட்டீஸ் ஒரு ஈவென்ட்டை 1 மணி நேரமே வைத்திருக்கும். இரவு 2 மணிக்கு நடந்ததன் பதிவு காலை 9 மணிக்கு இருக்காது.

சந்தேகத்துக்குரிய 'பாட்' (கன்டெய்னர் இயங்கும் அலகு) ஒன்றைத் தானியங்கி உடனே நீக்கினால், ஊடுருவியவர் விட்டுச்சென்ற தடயமும் சேர்ந்தே போகும். திருடு போன வீட்டைப் போலீஸ் வருமுன் கழுவிவிடுவது போன்றது இது.

மூன்றாவது, அளவுக்கு மீறிய அதிகாரம். தானியங்கியின் கணக்குக்குக் கிளஸ்டர் முழுவதையும் ஆளும் உரிமை தந்திருந்தால், அதைக் கைப்பற்றுபவர் எல்லாவற்றையும் கைப்பற்றுகிறார்.

2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய டெஸ்லா சம்பவம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. டெஸ்லாவின் குபர்நெட்டீஸ் நிர்வாகப் பலகை கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்தது. நுழைந்தவர்கள் அங்கே கிரிப்டோ நாணயம் உருவாக்கினார்கள். கண்ணில் படாதிருக்க சிபியு பயன்பாட்டைக் குறைவாகவே வைத்திருந்தார்கள். சிபியு எகிறினால் மட்டும் மணி அடிக்கும் கண்காணிப்பு இவர்களிடம் தோற்றுப்போகும்.

சட்டம் சொல்வது

சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் சர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, இந்திய நிறுவனங்கள் சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும்; லாக்குகளை (கணினிப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் அதைத் தெரிவிக்கச் சொல்கிறது. பாதுகாப்பில் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு.

லாக் இல்லாத நிறுவனத்தால் யாருடைய தரவு போனது என்றே சொல்ல முடியாது. அப்போது நம் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை

• ஈவென்ட்களைக் கிளஸ்டருக்கு வெளியே அனுப்பிச் சேமியுங்கள். யார் என்ன கட்டளையிட்டார் என்று காட்டும் ஆடிட் லாக்கையும் இயக்குங்கள்.

• நீக்கும் முன் தனிமைப்படுத்துங்கள். பாட்-இன் லேபிளை (அடையாளக் குறிச்சொல்லை) மாற்றினால், பாட்களின் எண்ணிக்கையைப் பராமரிக்கும் டிப்ளாய்மென்ட் அதற்குப் பதில் புதியதை உருவாக்கும், சேவை தொடரும். பழையதை நெட்வொர்க் பாலிசியால் (பிணையத் தொடர்பைக் கட்டுப்படுத்தும் விதியால்) அடைத்து, தடயம் எடுத்த பிறகு நீக்கலாம்.

• தானியங்கிக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை நடவடிக்கை என்று வரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் ஒரு மனிதர் முடிவெடுக்கட்டும்.

• ஈவென்ட்கள் மட்டும் போதாது. கன்டெய்னருக்குள் யாரோ ஷெல் (கட்டளையிடும் இடைமுகம்) திறப்பதை ஃபால்கோ போன்ற கருவிகளால் கண்டறியலாம்.

நாம் செய்யக்கூடியவை

சேவை முடங்கிய பிறகு, 'என் தரவு பாதிக்கப்பட்டதா?' என்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். கருவி எடுத்த முடிவுக்கும் அதை நிறுவியவரே பொறுப்பு. 'சிஸ்டம் தானாகச் செய்தது' என்ற பதிலை ஏற்காதீர்கள்.