உங்களுக்குத் தெரியுமா? போதகராகக் கொடுத்த பணம்

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் 'ஷ்டிஃப்ட்' என்றொரு மாணவர் விடுதி இருக்கிறது. வூர்ட்டம்பெர்க் பிரபு உல்ரிக் 1536-ல் தொடங்கியது. அந்நாளில் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம். பதிலுக்குப் படித்து முடித்ததும் லுத்தரன் சபையில் போதகராகப் போக வேண்டியிருந்தது. 1790 வாக்கில் அங்கே மூன்று பையன்கள் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள்: ஹேகல், ஷெல்லிங், ஹோல்டர்லின். மூவரில் ஒருவர்கூடப் போதகர் ஆகவில்லை. ஹேகலும் ஷெல்லிங்கும் தத்துவப் பேராசிரியர்கள் ஆனார்கள் (ஷெல்லிங்குக்கு அப்போது வயது 23தான்). ஹோல்டர்லின் கவிஞரானார். அவர்களுக்கு இருநூறு ஆண்டு முன்பு அதே விடுதிச் சோற்றைத் தின்ற கெப்ளரோ, கோள்களின் பின்னால் போய்விட்டார். சபைக்கு நஷ்டக் கணக்குதான்.

●

ஆடம் ஸ்மித்தைப் பொருளாதார மேதை என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் வகித்த பதவி கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறநெறித் தத்துவப் பேராசிரியர். அதற்கு முன்பு, 1740-ல், 17 வயதில், 'ஸ்னெல்' உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்குப் போனார். ஆண்டுக்கு 40 பவுண்டு. இதுவும் மதகுருக்களை உருவாக்க ஜான் ஸ்னெல் உயில் எழுதி வைத்த பணம்தான். ஸ்மித் ஆறு வருடம் இருந்துவிட்டு, அங்கி போடாமலே ஊர் திரும்பினார். அதோடு விட்டாரா? முப்பது ஆண்டு கழித்து 'நாடுகளின் செல்வம்' நூலில், ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர்களில் பெரும்பாலோர் பாடம் நடத்துவதாகப் பாசாங்கு செய்வதைக்கூட எப்போதோ விட்டுவிட்டார்கள் என்று எழுதி வைத்தார். கிளாஸ்கோ மாணவர்களை பேலியலுக்கு அனுப்பும் அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

●

தத்துவவாதி ஹைடெக்கர் 1913 முதல் 1916 வரை படித்ததும் கத்தோலிக்க அறக்கட்டளை ஒன்றின் பணத்தில்தான். புனித தாமஸ் அக்வினாஸின் சிந்தனை வழியில் நிற்க வேண்டும் என்பது அந்த அறக்கட்டளையின் நிபந்தனை. 1919 ஜனவரியில், தமக்குத் திருமணம் செய்துவைத்த பாதிரியாருக்கே, கத்தோலிக்க அமைப்பை இனித் தம்மால் ஏற்க முடியாது என்று கடிதம் எழுதிவிட்டார்.

●

இந்த வரிசையில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், உதவித்தொகைகளை நம்பியே படித்தவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்ததற்குக் காரணம் பெரிய தேடல் ஒன்றும் இல்லை. உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன, அவ்வளவுதான். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று மிஷனரி ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிவந்தார்கள். அதை மறுத்தே தம் எம்.ஏ. ஆய்வுக் கட்டுரையை எழுதினார். அதைப் பாராட்டியவர் அதே கல்லூரியின் மிஷனரிப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக். இந்தக் கதையில் எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். 1975-ல், இறப்பதற்குச் சற்று முன்பு, ராதாகிருஷ்ணனுக்கு டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. அந்தத் தொகையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

●

கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டவர் ஒரே ஒருவர். அவருக்கும் பரிசு இல்லை! 1840-ல் டென்மார்க் அரச அறிவியல் கழகம் ஷோப்பன்ஹவருக்குச் செய்தது இது. சமகாலத்துப் பெரிய தத்துவவாதிகளை மரியாதை இல்லாமல் பேசியிருக்கிறார் என்பது நடுவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. அவர் திட்டியவர்களில் ஹேகலும் ஒருவர். முந்தைய ஆண்டுதான் நார்வேக் கழகம் அவருடைய இன்னொரு கட்டுரைக்குப் பரிசளித்திருந்தது. மனிதர் சும்மா இருப்பாரா? 1841-ல் இரண்டையும் ஒரே புத்தகமாகப் போட்டார். ஒன்று பரிசு பெற்றது, மற்றது டென்மார்க்கில் பரிசு பெறாதது என்று முகப்பிலேயே அச்சடித்தார். முன்னுரையில் நடுவர்களுக்குப் பக்கம் பக்கமாக அர்ச்சனை.

●

1763-ல் பெர்லின் அகாதமி நடத்திய போட்டியில் இம்மானுவேல் கான்ட்டுக்கு இரண்டாம் இடம். முதல் பரிசு வாங்கியவர் மோசஸ் மெண்டல்சன். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர், பட்டு ஆலையில் கணக்கெழுதிப் பிழைத்தவர். பின்னாளில் அகாதமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தும், யூதர் என்பதால் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் ஒப்புதல் தரவில்லை.

●

பிரான்ஸில் தத்துவ ஆசிரியராக 'அக்ரெகாசியோன்' என்றொரு தேர்வு இருக்கிறது. தேறினால் ஆயுசுக்கும் அரசு வேலை. 1928-ல் சார்த்ர் அதில் தோற்றார். மறுவருடம் முதலிடம். இரண்டாம் இடத்தில் 21 வயது சிமோன் தெ பொவ்வார். சார்த்ருக்கு அது இரண்டாவது முயற்சி, பொவ்வாருக்கு முதல் முயற்சி என்பதை ரேங்க் பட்டியல் சொல்லாது.

●

"தத்துவம் படிச்சா என்ன கிடைக்கும்?" என்று கேட்கும் மாமாக்களுக்கு: யு.ஜி.சி. நெட் தேர்வில் தத்துவத்தின் பாட எண் 03. அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதியும் பெற்று பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இது 2023 முதல் உள்ள கணக்கு. வீட்டு வாடகைப் படி தனி. தத்துவத்துக்கென்றே மத்திய அரசு அமைத்த இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகமும் (ஐ.சி.பி.ஆர்., 1977) ஆய்வாளர்களுக்குத் தனியாக உதவித்தொகை தருகிறது.

●

தத்துவவாதி ஸ்பினோசா லென்ஸ் தேய்த்துப் பிழைத்தவர். நண்பர் சைமன் டி வ்ரீஸ் தம் சொத்தையே எழுதிவைக்க முன்வந்தபோது, உங்கள் சகோதரர் இருக்கும்போது அது முறையல்ல என்று மறுத்தார். நண்பர் இறந்தபின் அந்தச் சகோதரர் ஆண்டுக்கு 500 கில்டர் தர முன்வந்தார். ஸ்பினோசா 300 போதும் என்று அதையும் குறைத்துவிட்டார்.