தானுந்துத் தொங்கல் அமைப்பை மாற்றுதல்

தானுந்துத் தொங்கல் அமைப்பை மாற்றுதல் என்பது, சக்கரங்களுக்கும் வண்டியின் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள வில்கள், அதிர்வேற்பிகள் ஆகியவற்றில் மாற்றம் செய்து வண்டியின் உயரத்தையோ விறைப்பையோ கூட்டுதல் அல்லது குறைத்தல் ஆகும். பேச்சு வழக்கில் இது சஸ்பென்ஷன் வேலை எனப்படுகின்றது. இருக்கும் உறுப்பையே அறுத்தோ, அதனுடன் ஒன்றைச் சேர்த்தோ தாமே செய்துகொள்வது ஒரு வழி. கடையில் விற்கும் மாற்று உறுப்பை வாங்கிப் பொருத்துவது மற்றொரு வழி.

தேவை

நெய்வேலி நகரியத்தின் அகன்ற உட்சாலைகளில் குறை தெரியாத வண்டி, வெளியே பண்ருட்டி, வடலூர் நோக்கிச் செல்லும்போது அடி தட்டுவதுண்டு. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். ஊர்த்தெருக்களில் உள்ள பல மேடுகள் இந்த அளவுக்கு உட்பட்டவை அல்ல. வண்டியை உயர்த்த விரும்புவோர் முதலில் கூறும் காரணம் இதுவே.

சுருள்வில்லின் கணக்கு

சுருள்வில்லின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்திலும் அமைகின்றது. எடுத்துக்காட்டாக, 6 சுற்றுகள் உள்ள வில்லில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 விழுக்காடு கூடும். வண்டியைத் தாழ்த்த மட்டும் எண்ணியவர், கேளாமலே கடினமான வில்லையும் பெறுகின்றார். சுற்றுகளுக்கு இடையே ரப்பர் துண்டைச் செருகி உயர்த்தும் வழக்கத்திலும் விளைவு ஏறத்தாழ இதுவே. பிடிக்கப்பட்ட சுற்று இயங்காது, மீதமுள்ளவை கூடுதலாகத் திரிபடும்.

வாயுத்தீயால் அறுப்பது இன்னும் தீங்கானது. வில்லின் எஃகு சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தப்பட்டது. தீ பட்ட இடத்தில் அப்பதம் கெடும். மேலும், குட்டையாக்கப்பட்ட வில் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இருக்கையிலிருந்து நழுவக்கூடும்.

விறைப்பு 20 விழுக்காடு கூடினால் அதே தணிப்பு விகிதத்தைப் பெற அதிர்வேற்பியின் தணிப்பு சுமார் 10 விழுக்காடு கூட வேண்டும். பழைய அதிர்வேற்பியை அப்படியே விட்டால் வண்டி துள்ளும். வில்லையும் அதிர்வேற்பியையும் பொருந்துமாறு வடிவமைத்து ஒரே தொகுதியாக விற்பதன் பயன் இதுதான். தனி வில்லை மட்டும் வாங்குவோருக்கு இந்தப் பயன் கிட்டாது.

பட்டைவில்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றின் பின்புறத்தில் பட்டைவில்லே இருந்தது. இதில் பட்டறை வேலைக்கு ஓரளவு இடமுண்டு: படிந்துபோன பட்டைகளுக்கு மீண்டும் வளைவு ஏற்றலாம், ஒரு பட்டையைக் கூட்டலாம். ஆனால் ஆளில்லாதபோது பின்பக்கம் கட்டையாக உதறும். சில வண்டிகளில் பின் பிரேக் அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் வால்வு ஒரு கம்பியால் பின் அச்சுடன் இணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் வண்டியில் சுமை இல்லை என்று வால்வு கொள்ளும். முழுச் சுமையிலும் பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையும். வண்டியை உயர்த்துவோர் பெரும்பாலும் கவனியாத இடம் இது.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டையும் விதிக்க வகைசெய்தது. கடையில் வாங்கிய உறுப்பு என்பதால் மட்டும் விலக்குக் கிடைப்பதில்லை. தேய்ந்ததை அதே அளவுள்ள புதியதால் மாற்றுவது பழுதுபார்த்தலே ஆகும். அதிர்வேற்பிகளை இடமும் வலமும் இணையாகவே மாற்ற வேண்டும்.