பொட்டலத்தின் கதை – 9: நிரபராதியைக் காட்டிய எண்

சென்ற வாரம் பார்த்த பார்கோடுக்கு ஒரு குறை உண்டு. போன வருஷம் செய்த பிஸ்கட் பாக்கெட்டிலும் நேற்று செய்த பாக்கெட்டிலும் அதே கோடுகள்தான். 'இன்ன கம்பெனியின் இன்ன எடை பிஸ்கட்' என்று கடையின் கம்ப்யூட்டருக்கு அது சொல்லும். என்றைக்கு, எந்த ஆலையில் செய்தது என்று கேட்டால் தெரியாது. அதற்கான விடை விலைக்கும் தேதிக்கும் பக்கத்தில், கறுப்புப் புள்ளிகளால் அடித்த ஒரு வரியில் இருக்கிறது: பேட்ச் நம்பர். கடையில் நின்று விலையைப் பார்க்கிறோம், தேதியைப் பார்க்கிறோம். இதை யாரும் படிப்பதில்லை. விபரீதம் ஏதாவது நடந்தால் மட்டும் எல்லோரும் முதலில் தேடுவது இதைத்தான்.

1982 செப்டம்பர் 29. அமெரிக்காவில் சிகாகோவின் புறநகர் ஒன்றில் 12 வயதுச் சிறுமி திடீரென்று இறந்தாள். அதே நாளில் பக்கத்து ஊரில் 27 வயதுத் தபால் ஊழியர் ஒருவர் இறந்தார். துக்கத்துக்கு வந்த அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் தலைவலிக்காக அவர் போட்டுக்கொண்ட, வீட்டிலிருந்த டைலினால் கேப்ஸ்யூல் மாத்திரையையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், அவர்களும் பிழைக்கவில்லை. சிறுமியும் அதே மாத்திரையைத்தான் போட்டிருந்தாள், சந்தேகம் மாத்திரைமேல் விழுந்தது. இரண்டு வீட்டுக் குப்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டிலும் ஒரே எண்: எம்சி 2880. உள்ளே பொட்டாசியம் சயனைடு.

அந்த எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்: பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபோர்ட் வாஷிங்டன் ஆலையில் தயாரானது, ஏறக்குறைய 93,000 குப்பிகள், எந்தெந்த மாநிலங்களுக்குப் போயின என்பது வரை. டைலினாலைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அந்த பேட்ச்சை மட்டும் திரும்பப் பெறப் புறப்பட்டது. அத்தோடு முடிந்திருந்தால், ஆலைக்குள் யாரோ செய்த வேலை என்றே உலகம் நம்பியிருக்கும்.

ஆனால் அடுத்தடுத்து கிடைத்த நச்சுக் குப்பிகளில் வேறு எண்கள் இருந்தன. அவற்றில் ஒன்று டெக்சாஸ் மாநிலத்தின் ரவுண்ட் ராக் ஆலையில் செய்தது. நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு ஆட்கள் செய்த மாத்திரைகள். விஷம் தோன்றியதோ சிகாகோ வட்டாரத்தில் மட்டும். இரண்டு ஆலைக்கும் பொதுவான இடம் கடை அலமாரிதான். யாரோ குப்பிகளை வாங்கியோ திருடியோ, கேப்ஸ்யூலைப் பிரித்து சயனைடு நிரப்பி, மறுபடி அலமாரியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகள் முடிவுக்கு வந்தார்கள். மொத்தம் ஏழு பேரைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. பேட்ச் நம்பர் குற்றவாளியைக் காட்டவில்லை. ஆனால் இரண்டு ஆலைகளில் வேலை பார்த்தவர்களைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றியது.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது? பெரிய ஆலை எதிலும் கன்வேயரின் ஓரத்தில் பீரோ போல ஒரு பெட்டி நிற்கும். அதிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் பேனாப் பெட்டி அளவில் ஒரு தலை. கிட்டே போனால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போன்ற நெடி அடிக்கும். மை நொடியில் காய்வதற்காகச் சேர்த்த கரைப்பான் அது. தலைக்குள்ளிருந்து தலைமுடி அளவே உள்ள மைத்தாரை ஓயாமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அதிர்வு அதை விநாடிக்குப் பல்லாயிரம் சொட்டுகளாக உடைக்கும். எழுத்தில் விழவேண்டிய சொட்டுக்கு மட்டும் மின்னூட்டம் கொடுக்கிறார்கள். உயர் மின்னழுத்தத் தகடுகள் அதை வேண்டிய உயரத்துக்குத் திருப்பிவிடும். மின்னூட்டம் இல்லாத சொட்டு நேராகப் போய் ஒரு சிறு குழாயில் விழுந்து, திரும்ப மைத் தொட்டிக்கே போய்விடும். கன்வேயரில் போகும் பாட்டில் நிற்பதே இல்லை. அச்சுத் தலை அதைத் தொடுவதும் இல்லை.

தவறு பெரும்பாலும் இயந்திரத்தில் நடப்பதில்லை. ஷிஃப்ட் மாறும்போது தேதியை மாற்ற மறந்துவிடுவார்கள். குளிர்ந்த பாட்டிலின்மேல் வியர்த்திருக்கும் ஈரத்தில் மை ஒட்டாமல் வழியும். அதனால்தான் முதலில் அச்சாகும் அட்டையையோ லேபிளையோ எடுத்து, சூப்பர்வைசர் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டிவைக்கும் வழக்கம். அந்தக் கையெழுத்து விழாமல் லைன் ஓடக்கூடாது.

எண்ணில் எதையெல்லாம் அடைப்பது என்பது ஒவ்வொரு கம்பெனியின் கணக்கு. பி 146 2 சி என்று இருந்தால், பி என்ற ஆலை, வருஷத்தின் 146-வது நாள், அதாவது மே 26, இரண்டாம் லைன், மூன்றாம் ஷிஃப்ட் என்று படிக்கலாம். சிலர் மணியும் நிமிடமும் சேர்த்து அடிப்பார்கள். அது வீண் வேலை இல்லை. நிமிடத்துக்கு 120 பாட்டில் ஓடும் லைன் ஒன்றில் மூடி இறுக்கும் இயந்திரம் பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று வரை சரியாக வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். எண்ணில் நாள் மட்டும் இருந்தால் மூன்று ஷிஃப்டின் சரக்கு, 1,72,800 பாட்டிலும் திரும்பி வரவேண்டும். மணி இருந்தால் 7,200 போதும். எண்ணில் மணியைச் சேர்க்கச் சோம்பல்பட்டவர் கட்டும் அபராதம் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்.

எண்ணைப் பிடித்துக்கொண்டு பாட்டிலிலிருந்து கடை வரை போவது பாதி வழிதான். மீதிப் பாதி பின்னோக்கிப் போகிறது: இந்த பாட்டிலுக்குள் போன ஒவ்வொரு மூலப்பொருளும் யாரிடம் வாங்கியது, எந்தப் பீப்பாய், யார் சோதித்தது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, தேடல் காஞ்சிபுரம் மாவட்ட ஆலை ஒன்றில் தயாரான கோல்ட்ரிஃப் மருந்தின் எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சில் வந்து நின்றது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் 48.6 சதவீதம். அனுமதி 0.1 சதவீதம். எந்த பாட்டில் என்று எண் சரியாகவே சொன்னது. விஷம் உள்ளே வந்த வழியில், மருந்தில் சேர்க்கும் கரைப்பானின் பீப்பாயைத் திறக்கும் முன்பே ஒருவர் சோதித்துப் பதிவு செய்திருந்தால், அந்த எண்ணைத் தேடவேண்டிய நாளே வந்திருக்காது. சோதனை இல்லாத இடத்தில் பேட்ச் நம்பர் இழப்புக்குப் பிறகு எழுதும் கணக்கு மட்டும்தான்.

டைலினால் கதையின் முடிவும் எண்ணின் எல்லையைக் காட்டுகிறது. விஷம் கடையில் கலந்தது என்று ஆனபிறகு, குறிப்பிட்ட பேட்ச்சைத் திரும்பப் பெறுவதில் அர்த்தமில்லை. எந்த எண்ணுள்ள குப்பியும் ஆபத்தானதாக இருக்கலாம். 1982 அக்டோபர் 5-ம் தேதி நிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3.1 கோடிக் குப்பிகளைத் திரும்ப அழைத்தது. செலவு சுமார் 10 கோடி டாலர். ஆலை வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதை ஆலையில் அடித்த எண்ணால் காக்க முடியாது. அதற்கு வேறு காவல் வேண்டும்: பிரித்தால் காட்டிக்கொடுக்கும் முத்திரை. அதே ஆண்டு நவம்பரில் டைலினால் மூன்றடுக்கு முத்திரையோடு கடைக்குத் திரும்பியது.

அந்த முத்திரையின் கதையும், 2023 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் 300 மருந்து பிராண்டுகளின் பொட்டலத்தில் கட்டாயமான க்யூஆர் கோடின் கதையும் அடுத்த வாரம். அதற்குள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து ஒரு காரியம் பாருங்கள்: பாதி மாத்திரை கிழித்தெடுத்த பட்டைகளில் எத்தனையில் பேட்ச் நம்பர் இன்னும் மிச்சமிருக்கிறது? எண் இல்லாத முனையிலிருந்து கிழிப்பதை இனி வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

(தொடரும்)