பத்து ரூபாய் நாணயம் அளவில் வாங்கிய ஆமை

"அத்தை, உங்க மொட்டை மாடியில இதை வச்சுக்கிறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்றான். கையில் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் பேசின். அதற்குள் நான்கு விரற்கடை தண்ணீர், அதில் ஓர் ஆமை. ஓடு மட்டும் 22 சென்டிமீட்டர் நீளம். திரும்பக்கூட இடமில்லாமல் பேசினின் சுவரில் மூக்கை உரசிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன.

"அப்பாவுக்குப் புனேவுக்கு மாற்றல். அங்க ஃபிளாட்டாம். இதைக் கோயில் குளத்துல விட்டுடலாம்னு அப்பா சொல்றார். புண்ணியம்னு பாட்டியும் சொல்றாங்க." சொல்லும்போதே அவன் குரல் கம்மியது. ஆமையின் பெயர் பட்டாணி. அவன் யூ.கே.ஜி. படித்தபோது வண்ணமீன் கடையில் வாங்கியது. அப்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்ததாம். "இது இவ்வளவுதான் வளரும்" என்றாராம் கடைக்காரர். இப்போது பையன் ஆறாம் வகுப்பு. பட்டாணி சாப்பாட்டுத் தட்டு அளவு.

பேசினை வாங்கி உள்ளே வைத்தேன். அன்றிலிருந்து பட்டாணி எங்கள் வீட்டில் இருக்கிறது. இப்படி வேண்டாம் என்று கைவிடப்பட்ட ஓர் ஊர்வன உயிரை வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது யார் என்று பார்ப்போம். கண்ணுக்குப் பின்னால், காது இருக்கவேண்டிய இடத்தில், குங்குமக் கீற்றுப் போல ஒரு சிவப்புக் கோடு. அதனால் செங்காது ஆமை என்கிறோம். ஆங்கிலத்தில் ரெட் இயர்ட் ஸ்லைடர். ஸ்லைடர் என்றால் சறுக்குவது. மரக்கட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது ஆள் அரவம் கேட்டால் 'தொப்'பென்று தண்ணீருக்குள் சறுக்கிவிடும். இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. பிறந்த குட்டி சுமார் 3 சென்டிமீட்டர்தான். வளர்ந்த பெண் ஆமையோ 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை போகும். ஆண் அதைவிடச் சிறியது. நன்றாகக் கவனித்தால் 30 ஆண்டுகள் இருக்கும். உங்களுக்கு இப்போது பத்து வயது என்றால், உங்கள் நாற்பதாவது வயதிலும் நீங்கள்தான் அதற்குத் தொட்டி கழுவ வேண்டும்.

சின்னத் தொட்டியில் வைத்தால் ஆமை சின்னதாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது சுத்தப் பொய். தொட்டியைப் பார்த்து ஆமை தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதில்லை. சரியான உணவும் வெயிலும் கிடைக்காமல் வளர்ச்சி குன்றும், ஓடு வளையும், எத்தனையோ குட்டிகள் முதல் ஆண்டிலேயே செத்துப்போகும். பட்டாணி பிழைத்தவள்.

மருத்துவரிடம் கொண்டுபோனோம். நாய் பூனைக்குப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஆமைக்குப் பார்ப்பதில்லை. ஊர்வன தெரிந்தவரைத் தேடிப்பிடிக்க இரண்டு நாள் ஆனது. அவர் பட்டாணியைத் தூக்கி, ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். ஓரம் லேசாக அமுங்கியது. "பாத்தீங்களா? கல்லு மாதிரி இருக்கணும்" என்றார்.

ஆமையின் ஓடு நம் சட்டையைப் போல மேலே மாட்டியிருப்பது இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒட்டித்தான் ஓடு ஆகியிருக்கிறது. மேலும் கீழுமாக ஏறத்தாழ 60 எலும்புகள் சேர்ந்த பெட்டி அது. மேலே தெரியும் சில்லுகள் நம் நகம் போன்ற பொருளால் ஆனவை. கார்ட்டூனில் வருவது போல ஆமை ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வரவே முடியாது. ஓட்டைத் தொட்டால் அதற்குத் தெரியும், அடிபட்டால் வலிக்கும். ஓடு அமுங்குகிறது என்றால் எலும்பே இளகிவிட்டது என்று பொருள்.

ஏன் இளகியது? பட்டாணி ஆறு ஆண்டுகள் வரவேற்பறையில், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கும். வைட்டமின் டி இருந்தால்தான் சாப்பிட்டதில் உள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் போய்ச் சேரும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் விடும், ஆனால் இந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஜன்னலோரம் வைத்தேனே என்றால் போதாது. கண் வீக்கத்துக்குக் காரணம் வைட்டமின் ஏ குறைவு. கடையில் டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலையே ஆறு வருடமும் போட்டிருக்கிறார்கள். அன்பாகத்தான் போட்டார்கள். அந்தப் பையன் அதை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை.

மொட்டை மாடியில் ஐந்தடிக்கு மூன்றடியில் தொட்டி கட்டினோம், முழங்கால் ஆழத் தண்ணீர். ஒரு மூலையில் செங்கல் அடுக்கி, ஏறி உட்காரச் சரிவு. பாதித் தொட்டிக்குத் தென்னங்கீற்றுக் கூரை. கூரை ரொம்ப முக்கியம். ஆமையின் உடம்பு நம்முடையதைப் போலத் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் வெயிலுக்கு வரும், போதுமென்றால் நிழலுக்கோ தண்ணீருக்கோ போகும். போக இடமில்லாவிட்டால் சித்திரை வெயிலில் வெந்து செத்துவிடும்.

காலை ஏழரைக்கு மாடிக்குப் போனால் பட்டாணியைப் பார்க்கவேண்டும். செங்கல் மேல் ஏறி, கழுத்தை முழுசாக நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, விரல்களை விசிறி போல விரித்து அசையாமல் இருப்பாள். விரல்களுக்கிடையில் இருக்கும் சவ்வில் வெயில் பட்டு மஞ்சளாகத் தெரியும். தோல் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வெயில் பிடிக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு வேடிக்கை. செங்கல் மேல் இருக்கும்போது நெத்திலி ஒன்றை நீட்டினால் கவ்விக்கொள்வாள், ஆனால் அங்கே விழுங்க மாட்டாள். உடனே தண்ணீருக்குள் குதித்துத்தான் விழுங்குவாள். நீர் ஆமைகளுக்கு நம்மைப் போல உணவை நனைக்கும் அளவுக்கு எச்சில் இல்லை, நாக்கும் சுழலாது. தண்ணீரோடு சேர்த்துத்தான் உணவு தொண்டைக்குள் போகும். குட்டியாக இருக்கையில் புழுவும் மீனுமே விரும்பும் இந்த ஆமை, வளர வளரச் செடிகொடிகளையும் நிறையத் தின்னும். நாங்கள் கேரட் துருவலும் ஆகாயத்தாமரை இலையும் போடுகிறோம். ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை அடைத்துக்கொண்ட செடிதான் என்பதை நினைவில் வையுங்கள், கொஞ்சநேரத்தில் தேவைப்படும்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் பட்டாணி சாப்பிடவில்லை. பின்னங்காலால் செங்கல்லைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். மருத்துவரிடம் போனில் சொன்னதும், "மணல் வையுங்க, முட்டை போடப் போகுது" என்றார். ஆண் துணையே இல்லாமல் முட்டையா? ஆம், கோழி போடுவது போலத்தான், ஆனால் குஞ்சு வராது. ஈர மணல் நிரப்பிய பெரிய தொட்டியில் விட்டோம். பின்னங்கால்களை மாற்றி மாற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல், சொம்பு போல ஒரு குழி தோண்டினாள். எட்டு வெள்ளை முட்டைகள், நீள்வட்டமாக. பிறகு அதே காலால் மூடினாள். முட்டை போட இடம் கிடைக்காத ஆமை அதை உள்ளேயே அடக்கிவைத்து நோய்ப்பட்டு இறந்தும் போகலாம்.

இவற்றின் முட்டையில் இன்னோர் அதிசயம் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 26 டிகிரியில் இருந்தால் ஆண்கள், 31 டிகிரிக்கு மேல் போனால் பெண்கள். நம் ஊர் வெயிலுக்கு என்ன பிறக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது கோயில் குளத்துக்கு வருவோம். அங்கே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் குளத்தில் ஏற்கெனவே பாலாமையும் காராமையும் இருக்கலாம். அவை நம் மண்ணின் ஆமைகள். செங்காது ஆமை மீன் முட்டை, தலைப்பிரட்டை, நத்தை, நீர்ச்செடி என்று எதையும் தின்னும். அழுக்குத் தண்ணீரிலும் பிழைக்கும். வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டில் ஆய்வாளர்கள் உள்ளூர்க் குள ஆமைகளையும் செங்காது ஆமைகளையும் ஒரே குளத்தில் விட்டுக் கவனித்தார்கள். உள்ளூர் ஆமைகள் நல்ல வெயில் இடங்களை விட்டுக்கொடுத்தன, எடை குறைந்தன, அதிகமாக இறந்தன. வெயில் கிடைக்காத ஆமைக்கு என்ன ஆகும் என்று பட்டாணியின் ஓட்டில் பார்த்தோமே. ஆகாயத்தாமரை செய்ததையே இதுவும் செய்யும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமில்லை. 2018-இல் அசாமின் கவுகாத்தியில் உக்ரதாரா கோயில் குளத்தில் இந்த ஆமை கண்டுபிடிக்கப்பட்டது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கமும் நீர்நிலையில் பிடிபட்டது. ஆனாலும் இந்தக் குட்டிகளை வெளிநாட்டிலிருந்து கடத்தி வருவது நிற்கவில்லை. சென்னை விமான நிலையத்திலேயே பயணிகளின் பெட்டிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குட்டிகளைச் சுங்க அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் 1975-இல் 10 சென்டிமீட்டருக்கும் சிறிய ஆமைகளை விற்கத் தடை வந்தது. காரணம் வேறு. ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஆமைக்கு அது ஒன்றும் செய்யாது. குட்டி ஆமையை வாயில் வைத்த குழந்தைகளுக்கோ கடும் வயிற்றுப்போக்கு வந்தது. அதனால்தான் பட்டாணியைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். அவளுடைய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. ஐரோப்பிய நாடுகள் 1997-இல் இறக்குமதியை நிறுத்தின. ஜப்பான் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. 2023 ஜூன் முதல் அங்கே இந்த ஆமையை விற்கவும் கூடாது, நீர்நிலையில் விடவும் கூடாது. ஆனால் ஏற்கெனவே வீட்டில் வளர்ப்பவர்கள் கடைசிவரை வைத்துக் காப்பாற்றலாம். தடைக்குப் பயந்து எல்லோரும் ராவோடு ராவாகக் குளத்தில் கொட்டிவிடக் கூடாதே என்ற யோசனை அதில் இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பட்டாணியின் கதையைப் படித்துவிட்டு யாரும் வயலில் கண்ட நட்சத்திர ஆமையையோ, கிணற்றடியில் கண்ட பாலாமையையோ, சாரைப்பாம்பையோ வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். நம் நாட்டு ஆமைகளும் பாம்புகளும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. அவற்றை வளர்ப்பது குற்றம். அவற்றுக்கு வீடு வயலும் குளமும்தான். அடிபட்டுக் கிடந்தாலோ, யாராவது அடைத்து வைத்திருந்தாலோ பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது புனேவில் இருக்கிறான். வாரம் ஒருமுறை வீடியோ காலில் வருவான். போன வாரம் ஓட்டின் ஓரத்தை அழுத்திக் காட்டச் சொன்னான். அழுத்தினேன், அமுங்கவில்லை. எடை 1 கிலோ 600 கிராம் என்றதும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

உங்கள் தெருவிலும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பேசினில், ஒரு பட்டாணி சுவரை உரசிக்கொண்டிருக்கலாம். அதைக் குளத்தில் விடப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் ஓடிப்போய்த் தடுத்துவிடுங்கள். வளர்க்க இடமும் 30 ஆண்டுப் பொறுமையும் உள்ள ஒரு பெரியவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கடையில் மட்டும் ஒன்றுகூட வாங்காதீர்கள்.